திட்டிக்கொண்டே காதலிப்பவர்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் செய்திகளைக் கிண்டலடிக்கும் ஜான் ஆலிவரின் 'லாஸ்ட் வீக் டுநைட்' நிகழ்ச்சியில், உலகக் கால்பந்தை நடத்தும் ஃபிஃபா அமைப்பைப் பற்றிய பகுதிகளை யூடியூபில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. 2014 உலகக் கோப்பை தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் வந்தது முதல் பகுதி. போட்டி நடந்த பிரேசிலில், அமேசான் காட்டு நடுவே மனாவுஸ் நகரில் நான்கே ஆட்டங்களுக்காகச் சுமார் 27 கோடி டாலரில் எழுப்பிய மைதானம். ரசிகர்கள் உயிருக்கு ஆபத்து என்று பிரேசில் தடைசெய்திருந்த பீரை, சட்டத்தையே திருத்த வைத்து மைதானத்துக்குள் கொண்டுவந்த ஃபிஃபா. கேட்கக் கேட்க வயிறு எரிகிறது, சிரிப்பும் வருகிறது. இத்தனையும் சொல்லிவிட்டு, போட்டி எப்போது தொடங்கும் என்று குழந்தை மாதிரி துள்ளுகிறார் மனிதர். அங்கேதான் என்னை வீழ்த்திவிட்டார். நானும் அதே ஜாதிதானே!

மறு ஆண்டு இன்னும் அமர்க்களம். அப்போதைய ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர் பதவி விலகினால் பட் லைட் லைம் பீர் குடிக்கிறேன் என்று சபதம் செய்தார். இரண்டே நாளில் பிளாட்டர் விலகல் அறிவிப்பு! அடுத்த வாரம், கண்ணைக் கூசவைக்கும் அடிடாஸ் காலணியோடு வந்து, மெக்டொனால்ட்ஸ் பண்டங்களைக் கடித்துவிட்டு, அந்த பீரையும் குடித்தார். மூன்றுமே ஃபிஃபாவுக்குப் பணம் தரும் விளம்பரதாரர்களின் சரக்கு. அவர்களை இவ்வளவு நயமாகக் குத்த முடியுமா!

குறை ஒன்று உண்டு. வாக்கியத்துக்கு ஓர் உவமை வைக்கிறார், மூச்சு முட்டுகிறது. குரலும் எப்போதும் உச்சத்தில்தான். இரவு பதினொரு மணிக்கு மேல் ஹெட்ஃபோன் இல்லாமல் பார்த்தால் வீட்டில் ஏச்சு நிச்சயம்.