சொந்த விக்கியா, பொது விக்கியா: கடலூர், புதுச்சேரி நூலகங்களுக்கு எது பொருந்தும்?

கடலூர், புதுச்சேரிப் பகுதிப் பொது நூலகங்கள் தம் ஊரைப் பற்றிய அறிவை வாசகர்களோடு சேர்ந்து இணையத்தில் திரட்ட முனைந்தால், அவற்றின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளை ஒரு வழங்கியில் (சர்வரில்) நிறுவி, நூலகத்தின் பெயரிலேயே தனி விக்கி, அதாவது வாசகர்களே எழுதித் திருத்தக்கூடிய இணையதளம், நடத்துவது ஒரு வழி. தமிழ் விக்கிப்பீடியா, நூல்களின் உரையைத் திரட்டும் விக்கிமூலம், படங்களையும் கோப்புகளையும் சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகம் ஆகிய பொதுத் திட்டங்களுக்குள் சென்று பங்களிப்பது மற்றொரு வழி. வாட்ஸ்அப் குழுவே போதும் என்போரும் உண்டு. அது அறிவிப்புகளுக்கு உதவும். ஆனால் அங்கே இட்ட தகவலைச் சில மாதங்கள் கழித்துத் தேடியெடுப்பதும் திருத்துவதும் கடினம் என்பதால், இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

அச்சில் வந்தவற்றைப் பொறுத்தவரை பொது விக்கிக்கே என் வாக்கு. 1827-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தைப் போன்ற பழைய நூலகங்களில், பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்கள் பல இருக்கும். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் கழிந்ததும் அவருடைய எழுத்து பொதுவுடைமையாகிவிடுகிறது. 1964-இல் மறைந்த ஒருவரின் படைப்புகள் 2025 முதல் எவருக்கும் உரியவை. அத்தகைய தமிழ் நூல் ஒன்றை ஒளிவருடிப் பொதுவகத்தில் ஏற்றினால், படத்திலுள்ள எழுத்துகளை உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் தரும் உரையை விக்கிமூலத்தில் பக்கப் படத்தோடு ஒப்பிட்டு ஒருவர் மெய்ப்புப் பார்க்க, இன்னொருவர் சரிபார்க்கிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் முதல் கல்லூரி மாணவர்கள் வரை, நூலகத்துக்கு வரும் வாசகர்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பணி இது. வழங்கிச் செலவு இல்லை. தேடுபொறிகளிலும் இந்தப் பக்கங்கள் எளிதில் அகப்படுகின்றன.

விக்கிப்பீடியாவில் நூலகரின் இடம் இன்னும் தனித்தன்மை உடையது. ஊர்க் கட்டுரைகளின் பெருங்குறை சான்றின்மை. நூலகரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதோ சான்றுகள்தாம். கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் வாங்கியதைப் பற்றி எழுதுபவருக்கு, 1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியின் (கெசட்டியரின்) உரிய பக்கத்தை எடுத்துக் காட்ட நூலகரைவிடத் தகுந்தவர் யார்?

ஆனால் ஊரின் அறிவு முழுவதும் அச்சேறியதன்று. 2004 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் இறுதியில் கரையைக் கடந்த தானே புயல், 2015 பெருவெள்ளம் ஆகியவற்றில் எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எந்த மேட்டில் மக்கள் ஒதுங்கினார்கள் என்பது தேவனாம்பட்டினத்துக் காரருக்கும் வீராம்பட்டினத்துக் காரருக்கும் நினைவில் இருக்கிறது. வெளியான சான்று இல்லாத இத்தகவல்களை விக்கிப்பீடியா ஏற்காது. கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு அந்த விதி சரியானதே. ஆனால் அடுத்த மழைக்கு முன் ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படுவது இந்தத் தகவல்தான். ஒரே ஒரு கவிதைத் தொகுப்பைச் சொந்தச் செலவில் வெளியிட்ட உள்ளூர்க் கவிஞருக்கும், வெளியான நம்பகமான சான்றுகளில் போதிய அளவு பேசப்பட்டிருக்க வேண்டும் என்னும் குறிப்பிடத்தக்கமை விதியால் அங்கே பெரும்பாலும் இடமில்லை. இவற்றுக்கெல்லாம் தனி விக்கியே தகுந்த இடம். அமெரிக்காவின் செயின்ட் ஜோசப் கவுண்டி பொது நூலகம் மீடியாவிக்கியைக் கொண்டு வாசகர்களுக்கான பொருள்வாரி வழிகாட்டிகளை உருவாக்கியது. நமக்கு நெருக்கமான சான்று, 2005-இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் திட்டம். அதுவும் மீடியாவிக்கியில்தான் இயங்குகிறது.

தனி விக்கியின் உண்மையான விலை பராமரிப்பு. கண்காணிப்பு இல்லாத விக்கியில் தானியங்கி நிரல்கள் சில நாட்களிலேயே விளம்பரக் குப்பைகளை நிரப்பிவிடும். மென்பொருளின் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைத் தவறாமல் நிறுவ வேண்டும். தரவுத்தளத்தின் படியை வேறோர் இடத்திலும் சேமிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரி வசூலாகிறது, புதுச்சேரியில் கலை பண்பாட்டுத் துறை நூலகங்களை நடத்துகிறது என்பதால், வழங்கிக்கான சிறு தொகைக்கு வழி காண முடியும். விக்கியை நிறுவிய நூலகர் பணியிட மாறுதலில் சென்ற பிறகு கடவுச்சொல்லே எவரிடமும் இல்லாத நிலை வந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்குக் கவலை. பொது விக்கியில் ஒருவர் சென்றாலும் பணி நிற்பதில்லை.

யார் வேண்டுமானாலும் திருத்திவிடுவார்களே என்ற அச்சத்தை இந்த ஒப்பீட்டில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டிலும் ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. தவறானதை உடனே மீளமைக்கலாம். தனி விக்கியில் நூலக உறுப்பினர்களுக்கு மட்டுமே கணக்கு வழங்கும் வசதியும் உண்டு. உரிமம்தான் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டியது. விக்கிப்பீடியா பயன்படுத்தும் அதே படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தைத் தனி விக்கியும் ஏற்றால், பின்னாளில் சான்று கிடைக்கும்போது உள்ளடக்கத்தைத் தடையின்றி அங்கே கொண்டு செல்லலாம். நினைவுகளைச் சொல்பவரிடம் இந்த உரிமத்தை விளக்கி இசைவு பெற்ற பின்னரே அவற்றைப் பதிவேற்ற வேண்டும்; பேரிடரில் உறவினரை இழந்தவர்களின் சொற்கள் அவற்றில் இருக்கும்.

ஆகவே கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் தனி விக்கி தொடங்க வேண்டியதில்லை என்பேன். மாவட்ட அளவில் ஒரே விக்கி இருக்கட்டும். அதன் நிர்வாகப் பொறுப்பு இருவருக்காவது இருக்கட்டும். அதைத் தொடங்கும் முன் ஒரு நூலை விக்கிமூலத்தில் முழுமையாக மெய்ப்புப் பார்த்து முடிப்பது நல்லது. இரண்டும் ஒரே மென்பொருளில் இயங்குவதால், அந்தப் பணியில் கைதேர்ந்த வாசகர்களே நாளை தனி விக்கியைக் கண்காணிக்கவும் முன்வரலாம். அப்படி இருவர் கூடக் கிடைக்காவிட்டால், பொது விக்கியிலேயே தொடர்வது மேல்.