ஆறு வாரத்தில் முதலீட்டுக்கு ஆயத்தம்: திருநெல்வேலியில் பெற்ற ஒரு சேவை

மருந்தகங்களின் இருப்பையும் காலாவதித் திகதிகளையும் கணக்கு வைக்கும் மென்பொருளொன்றை நானும் நண்பர் ஒருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து நடத்தி வருகிறோம். 41 பாமசிகள் மாதம் 3,500 ரூபா வீதம் கட்டுகின்றன. துணிகர மூலதனம் (வேகமாக வளரக்கூடிய புதுக் கம்பனிகளில் பங்குக்குப் பதிலாக நிதியங்கள் போடும் பணம்) திரட்டலாமா என்று யோசித்த வேளையில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள ஓர் ஆலோசனை நிலையம் நிறுவுநர்களுக்கென நடத்தும் ஆறு வாரப் பயிற்சியில் 45,000 ரூபா கட்டிச் சேர்ந்தோம். நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை.

முதல் இரண்டு வாரங்கள் முதலீட்டாளருக்குத் தொழிலை விளக்கக் காட்டும் பிட்ச் டெக் தயாரிப்பதிலேயே கழிந்தன. இணையத்தில் தேடினால் கிடைப்பதற்கு மேலாக எதுவும் சொல்லித் தரப்படவில்லை. தேநீருக்கும் வடைக்கும் மட்டும் குறையில்லை.

மூன்றாம் வாரம் வேறு தரம். பயிற்றுநர் பலகையில் ஒரு கணக்கை எழுதினார்: ஒருவர் 50 இலட்சம் தருகிறார், கம்பனியின் மதிப்பு 2 கோடி என்கிறார், அவருக்கு எத்தனை வீதம்? நான் 25 என்றேன், நண்பர் 20 என்றார். இருவரும் சரி என்று சொல்லி எங்களைச் சற்றுத் திணற விட்ட பின்னரே அவர் விளக்கினார். அந்த 2 கோடி பணம் வருவதற்கு முந்திய மதிப்பாயின் மொத்தம் இரண்டரைக் கோடியாகி அவருக்கு 20 வீதம் சேரும். பணத்தையும் உள்ளடக்கிய மதிப்பாயின் 25 வீதம் போகும். ஒரு சொல்லைக் கேட்காமல் விட்டதற்கு ஐந்து வீதம் விலை.

அங்கிருந்து, பணத்தை இன்று தந்து பங்கைப் பின்னொரு முதலீட்டுச் சுற்றில் பெற்றுக்கொள்ளும் ‘சேஃப்’ எனப்படும் பத்திரத்துக்கு வந்தார். புதுக் கம்பனிகளில் முதலிடும் அமெரிக்க நிறுவனமான வை கொம்பினேற்றர் 2013இல் அறிமுகப்படுத்திய இப்பத்திரம், 2018இல் பணத்துக்குப் பிந்திய மதிப்பை அடிப்படையாகக் கொண்டு மாற்றி எழுதப்பட்டது. புதிய வடிவத்தில் 5 கோடி மதிப்பு வரம்புடன் (பங்கைக் கணக்கிடும்போது கம்பனிக்கு வைக்கும் உச்ச மதிப்பு) ஒருவரிடம் 50 இலட்சமும் இன்னொருவரிடம் 30 இலட்சமும் வாங்கினால், அவர்களுக்குரிய 10 வீதமும் 6 வீதமும் ஒன்றையொன்று குறைப்பதில்லை. 16 வீதமும் நிறுவுநர்களின் பங்கிலிருந்தே போகும். அடுத்த சுற்றில் வருபவர் 20 வீதம் கேட்டால், எஞ்சிய 84 வீதத்திலும் ஐந்திலொன்று குறைந்து எங்கள் இருவருக்கும் மிஞ்சுவது 67.2 வீதம். அன்றிரவே எங்களுடைய பங்குப் பட்டியலை எக்செலில் போட்டுப் பார்த்தோம். அதுவரை அப்படியொரு பட்டியலே எங்களிடம் இருக்கவில்லை.

ஆனால் பயிற்சியின் முடிவில் அவர்கள் தந்த பத்திர மாதிரி, அமெரிக்காவின் டெலவெயர் மாநிலச் சட்டத்தைக் குறிப்பிடும் பந்தியைக்கூட மாற்றாத நகலாக இருந்தது. எங்களுடையது இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவான கம்பனி. நிறுவன அமைப்பு விதிகள் வேறு விதமாகச் சொல்லாதவிடத்து, புதிய பங்குகளை முதலில் இருக்கும் பங்குதாரருக்கே முன்வைக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. இதைச் சொன்னவர் எங்கள் சட்டத்தரணி. ரொறன்ரோவிலிருந்து மாமா தர முன்வந்த 30 இலட்சம் பங்கு முதலீடாயின் வெளிநாட்டு முதலீட்டுக்கென வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கினூடாகவே வரவேண்டும், அப்படி வந்தால்தான் நாளை பங்கை விற்ற பணத்தைச் சிக்கலின்றி அங்கே திருப்பி அனுப்பலாம் என்பதைச் சொன்னவர் வங்கி அலுவலர். மாமாவோ, “அதுக்கேன் தம்பி கடதாசி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளிநாட்டு உறவினரின் பணத்தில் தொடங்கும் கம்பனிகள் நிறைந்த ஊரில் நடத்தும் பயிற்சியில் இதற்கு ஒரு மணி நேரமும் ஒதுக்கப்படாததை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

அடுத்த முறைப்பாடு ஒப்பந்தம் பற்றியது. 24 மாதங்களுக்குள் எவரிடமிருந்து பணம் திரட்டினாலும் அதில் 2 வீதம் நிலையத்துக்குச் சேரும் என்றொரு பந்தி அதில் உண்டு. மாமாவின் பணத்துக்கும் 60,000 ரூபா கேட்டார்கள். வாசிக்காமல் ஒப்பமிட்டது எங்கள் பிழை. வாதாடிப் பாதியாகக் குறைத்தோம்.

இவற்றைவிடப் பெரிய குறை வேறு. துணிகர நிதியம் பெரும்பாலும் பத்தாண்டு ஆயுளுடன் அமைவது; போட்ட முதலீடுகளில் பல வீணாகும் என்று எதிர்பார்த்து, எஞ்சிய ஒன்றிரண்டு பல மடங்காகப் பெருகினால்தான் கணக்கு நேராகும் என்று இயங்குவது. வட மாகாணத்துப் பாமசிகளுடன் நின்றுவிடும் தொழில் அந்தக் கணக்குக்குள் வராது என்பதைக் கொழும்பு நிதியமொன்றின் முகாமையாளர் சூம் அழைப்பில் பன்னிரண்டு நிமிடத்தில், மரியாதையாகவே, சொல்லி முடித்தார். ஆறு வாரத்தில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 2 வீதத்துக்கு வழியிருந்திராது என்று நண்பர் சொல்வதை மறுக்க எனக்கு மனமில்லை.

மூன்றாம் வார வகுப்பை மட்டும் 10,000 ரூபாவுக்கு நடத்தினால் தயங்காமல் போகலாம். முழுப் பயிற்சியிலும் சேர்வதாயின், உங்களுக்கு ஏற்கெனவே அறிமுகமான முதலீட்டாளர்களின் பெயர்களை, அந்த 2 வீதம் பொருந்தாத விலக்குப் பட்டியலாக ஒப்பந்தத்தில் இணைத்த பின்னரே ஒப்பமிடுங்கள்.