கரோலினா ரீப்பர் பொடி: பாட்லக் விருந்துக்கு வாங்கலாமா?

கடுங்காரப் பிரியர்கள் ஆளுக்கொரு பண்டம் சமைத்து எடுத்துவரும் பாட்லக் விருந்துக்குக் கரோலினா ரீப்பர் என்ற கடுங்கார மிளகாயை எந்த வடிவில் வாங்குவது? முழுப் பழம், பொடி, மிளகாயின் காரத்தை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்த எக்ஸ்ட்ராக்ட் சாஸ் மூன்றில் எங்கள் ஓட்டு பொடிக்குத்தான். நிறுத்துப் போடலாம், அதுதான் காரணம். ஒரே செடியில் பறித்த பழங்கள்கூட ஒன்றுபோல் உறைப்பதில்லை. எக்ஸ்ட்ராக்ட் சாஸில் எரிச்சல் இருக்கும், மிளகாயின் மணம் இருக்காது; கசப்பும் ஒட்டிக்கொள்ளும்.

பாக்கெட்டில் 22 லட்சம் ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு) என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அது உச்சத்தைத் தொட்ட தனிப் பழத்தின் அளவு. கின்னஸில் பதிவான சராசரி 16,41,183. இன்னொன்று: 'பெப்பர் எக்ஸ்' பொடி என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். 2023இல் 26,93,000 என்ற அளவோடு ரீப்பரை முந்திய அந்த மிளகாயின் விதையையும் பழத்தையும் வெளியே விற்பதில்லை என்று அதை உருவாக்கிய எட் கரி அப்போதே சொல்லிவிட்டார்.

சமையலுக்கு 15 லட்சம் என்று வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு கிலோ பண்டத்தில் 1 கிராம் பொடி கலந்தால் 1,500 அலகு. 3 கிராம் என்றால் 4,500. தபாஸ்கோ சாஸின் காரமே 2,500 முதல் 5,000 வரைதான். ஆக அதைக் கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் குடிப்பதற்குச் சமம். 25 கிராம் பாக்கெட் பல விருந்துக்குத் தாங்கும். சாதாரணச் சமையலறைத் தராசு இங்கே உதவாது, 0.1 கிராம் காட்டுவது வேண்டும்.

பொடியை அப்படியே பண்டத்தில் தூவுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. மிளகாய்க்குக் காரம் தரும் காப்சைசின் தண்ணீரில் கரையாது. குழம்பில் பொடி கட்டிகட்டியாக நிற்கும். ஒருவர் தட்டில் ஒன்றுமிருக்காது, அடுத்தவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். எண்ணெயில் இறக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. 100 மில்லி எண்ணெயைச் சூடாக்கி அடுப்பை அணையுங்கள். ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள்: பொடிநுரை எழும்பி நிறம் மாறாமல் இருந்தால் பதம். கறுத்தால் சூடு அதிகம், கசந்துவிடும். இன்னும் கொஞ்சம் ஆறவிடுங்கள். பிறகு 3 கிராம் பொடி போட்டுக் கிளறி, ஒரு நாள் மூடிவைத்து வடிகட்டினால் போதும். இந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி 200 கிராம் சாப்பாட்டில் விழுந்தால் ஏறக்குறைய 1,100 அலகு கூடும். பச்சைப் பூண்டை மட்டும் இதில் ஊறப்போட்டு வெளியே வைக்காதீர்கள். பொட்டுலிசம் நச்சு உருவாக இடமுண்டு.

விருந்தில் பண்டம் மிதமான காரத்தோடு இருக்கட்டும், எண்ணெய் தனி பாட்டிலில் அளவு எழுதிய சீட்டோடு இருக்கட்டும். தனிக் கரண்டி கட்டாயம். ரீப்பர் முதலில் பழவாசம் காட்டி ஏமாற்றும், உறைப்பு தாமதமாகத்தான் ஏறும். 'ஒன்றும் உறைக்கவில்லையே' என்று இரண்டாம் கரண்டி எடுப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். அவருக்குத் தண்ணீர் நீட்டிப் பயனில்லை, பாலோ தயிரோ கொடுங்கள். பண்டத்திலேயே காரம் மிஞ்சிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டு உறிஞ்சவைக்கும் கதையெல்லாம் எடுபடாது. காரமில்லாத இன்னொரு பங்கு சமைத்துக் கலப்பதுதான் வழி.

பொடியின் பெரிய குறை நெடி. பாக்கெட்டை ஃபேன் காற்றில் பிரித்தால் அறை முழுக்க இருமல். நைட்ரைல் கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் சட்டியில் கொதிநீர் ஊற்றாதீர்கள், ஆவியோடு நெடி முகத்துக்கு ஏறும். முதலில் காகிதத்தால் எண்ணெயைத் துடைத்தெடுத்து, பிறகு சோப்புப் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள்.