கப்பியைச் செதுக்கலாம், பீரங்கியை அச்சிடலாம்: மரக்கப்பல் மாதிரியின் சிறு பாகங்கள் பற்றி ஓர் அலசல்

மரக்கப்பல் மாதிரி செய்கிறவர்களில் பலர் உடலைக் கட்டி முடித்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பலகை ஒட்டி, இழைத்து, தளம் போடும் வரை வேலை மளமளவென்று ஓடும். பாய்மரம் நிறுத்திக் கயிறு கட்டலாம் என்று உட்காரும்போதுதான் கணக்கு தெரியும். நூற்றுக்கணக்கில் கப்பி, டஜன் கணக்கில் மூன்று துளைக் கட்டை, இரு பக்கமும் பீரங்கி வரிசை, எண்ணி மாளாத வளையமும் கொக்கியும். பாதிக்கு மேல் நெல்மணியைவிடச் சிறியவை. இவற்றைக் கிட்டோடு, அதாவது கடையில் வாங்கும் மாதிரிப் பெட்டியோடு, வருவதை வைத்தே ஒப்பேற்றுவதா, கையால் செதுக்குவதா, ரெசின் பிரின்டரில் (திரவப் பிசினை ஒளியால் இறுக்கி உருவாக்கும் முப்பரிமாண அச்சுப்பொறியில்) அச்சிடுவதா, உலோகத்தில் வார்ப்பதா?

நான் மூன்று ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருப்பது எச்.எம்.எஸ். டிரிங்கமாலி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாதிரி. பெயரிலேயே திருகோணமலை இருப்பதால் ஆசைப்பட்டு எடுத்தது. 1782-இல் திருகோணமலைக்கு அருகே நடந்த கடற்போரின் நினைவாக வைத்த பெயர் அது. ஓக் மரம் தட்டுப்பாடான காலத்தில், பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கிய கப்பல். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது. சுமார் 150 அடி நீளமுள்ள அதன் பீரங்கித் தளம், 1:64 அளவில் 71 சென்டிமீட்டர் சொச்சம். மேசையில் அடங்கும், ஆனால் சிறு பாகங்களில் கண்ணைக் கட்டும் அளவு இது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கப்பலில் கெடுத்தும் திருத்தியும் தெரிந்துகொண்டவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக் கப்பலுக்கும் ஒரே முறையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. கயிறு இழுக்கிற பாகம் மரமாகவோ உலோகமாகவோ இருக்கட்டும். ஒரே மாதிரி வரிசையில் நிற்க வேண்டியதை அச்சிடலாம் அல்லது வார்க்கலாம். ஈயம் மட்டும் எந்த வடிவிலும் கப்பலில் ஏறக் கூடாது.

கப்பி

கிட் பெட்டியில் வரும் கப்பிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூலை மழுங்கிய சதுரக் கட்டை, நட்ட நடுவில் ஒரு துளை. நம் வீட்டுக் கிணற்றுக் கப்பியை நினைத்தாலே பிழை புரிந்துவிடும். கயிறு சக்கரத்தின் மேல் ஏறித்தானே இறங்குகிறது? அதாவது, கப்பியைத் தொங்கவிடும் கொக்கியின் பக்கமாகத்தான் கயிறு ஓடும். எனவே துளையும் அந்த முனையை ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் துளை போட்ட கப்பியை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் மணி கோத்த மாதிரிதான் தெரியும்.

அதற்காகக் கிட் கப்பிகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரு சிறிய டப்பாவின் உள்சுவரில் உப்புத்தாள் ஒட்டி, கப்பிகளைப் போட்டு, மூடியில் ஒரு போல்ட் செருகி டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுற்ற விட்டால் கால் மணி நேரத்தில் மூலைகள் உருண்டுவிடும். துளையிலிருந்து மறுமுனை நோக்கிக் கூரான கத்தியால் ஒரு காடி எடுத்தால் சக்கரத்தின் பள்ளம் போலத் தோன்றும். பாய்மரத்தின் உச்சியில் கட்டும் 2 மி.மீ. கப்பிகளுக்கு இதுவே போதும். அங்கே யாரும் லென்ஸ் வைத்துப் பார்க்கப் போவதில்லை.

தளத்துக்கு அருகில், கண்ணுக்கு நேரே வருகிறவற்றை நான் செதுக்குகிறேன். மேலைநாட்டு மாடலர்கள் பாக்ஸ்வுட்டையும் பேரி மரத்தையும் புகழ்வார்கள். இங்கே அவற்றைத் தேடி அலைவதைவிட வெட்பாலை மேல். சென்னபட்டணத்து மரப்பொம்மைகள் கடைவது இந்த மரத்தில்தான். நெருக்கமான, வெளிர் நிற மரம். குறுக்கே வெட்டினாலும் பிசிறு எழும்பாது. தேக்கில் முயன்று பார்க்க வேண்டாம். கப்பலே தேக்குதான் என்றாலும், அதன் ரேகை 4 மி.மீ. கட்டைக்கு மிகப் பெரியது. கப்பி செதிள் செதிளாகப் பிளந்துபோகும்.

12 அங்குலக் கப்பி இந்த அளவில் 4.8 மி.மீ. நீளம். அதற்கு 3.6 மி.மீ. அகலம், 2.8 மி.மீ. தடிமனில் ஒரு நீளக் குச்சி இழைத்துக்கொள்கிறேன். குறுகிய பக்கத்தில் பென்சிலால் ஒவ்வொரு கப்பிக்கும் கோடு. கோட்டுக்குள் இரண்டு துளை, 0.7 மி.மீ. பிட்டில்: ஒன்று கயிற்றுக்கு, மற்றது வெறும் தோற்றத்துக்கு. இரண்டையும் இணைத்து ஊசி முனையால் காடி. அப்புறம் குச்சியைப் புரட்டி, அகன்ற முகங்களில் கப்பியை அணைக்கும் கயிறு படிய ஒரு பள்ளம், முக்கோண அரத்தால் இரண்டே இழுப்பு. கடைசியில்தான் கோட்டின் மேல் அரத்தை வைத்து இரு பக்கமும் உருட்டி உருட்டித் தேய்ப்பேன். குச்சி முழுக்க முட்டை முட்டையாக, கோத்த மணி மாலை போல ஆகிவிடும். அறுத்துப் பிரிப்பது அதற்குப் பிறகு. தனித்தனியாக அறுத்துவிட்டுச் செதுக்க முயன்றால் பாதி ட்வீசரிலிருந்து தெறித்துக் காணாமல் போகும். ஒரு மாலையில் இருபதிலிருந்து முப்பது வரை முடிகிறது.

கையால் செய்தால் சின்னச் சின்ன வேறுபாடு இருக்கும், அதுதான் உயிர் என்று சிலர் வாதிடுவார்கள். இந்தக் காலத்துப் போர்க்கப்பலுக்கு அந்த வாதம் செல்லாது என்பது என் கருத்து. டிரிங்கமாலி கட்டத் தொடங்கும் முன்பே போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் மார்க் புருனெல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லே செய்துகொடுத்த இயந்திரங்கள் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகளைத் தள்ளிக்கொண்டிருந்தன. 110 பேர் பார்த்த வேலையைப் பத்துப் பேர் பார்த்தார்கள். இது 1808 நிலவரம். அரச கடற்படைக் கப்பிகள் ஒன்றுபோல் ஒன்று இருந்த காலம் அது. கைவேலை என்பதற்காக அளவில் சலுகை எடுத்துக்கொள்ளாமல், முடிந்த அளவு ஒரே சீராகவே செதுக்குங்கள்.

ரெசினில் அச்சிட்டால் என்ன? வடிவம் அற்புதமாக வரும், சக்கரம்கூடத் தெரியும். ஆனால் என் பிரின்டரில் அரை மி.மீ.க்குக் குறைந்த துளைகள் ரெசின் அடைத்து மூடிக்கொண்டன. மறுபடி துளையிட வேண்டியிருந்தது, அப்போது சில வெடித்தன. பெயின்ட் அடித்தாலும் மரத்தின் மேல் மரம் இருக்கிற ஒட்டுறவு வரவில்லை. கப்பிக்கு மரம்தான்.

மூன்று துளைக் கட்டை

டெட்-ஐ என்பார்கள். பாய்மரத்தை இருபுறமும் தாங்கிப் பிடிக்கும் வடங்களின் அடியில் இரண்டிரண்டாக நிற்கிற வட்டக் கட்டை. தேங்காயின் மூன்று கண்ணை அப்படியே பார்க்கலாம். மேல் கட்டைக்கும் கீழ் கட்டைக்கும் இடையே கயிறு மாறி மாறிக் கோத்து இறுக்குவார்கள். மாதிரியிலும் அதே இறுக்கம் வேண்டும், இல்லையென்றால் வடங்கள் தொய்ந்துவிடும்.

இதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். 5 மி.மீ. கட்டைகள் அறுபதை ரெசினில் அச்சிட்டு, பழுப்பு அடித்து, ஒரு பக்கத்து வடம் முழுவதையும் கட்டி முடித்தேன். கண்ணுக்குக் குறையே இல்லை. கடைசி ஜோடியைச் சரிசெய்ய இழுத்தபோது துளைக்கும் விளிம்புக்கும் நடுவே ‘டிக்’கென்று விரிசல். சரி, ஒன்றுதானே என்று மாற்றினேன். மழைக்காலம் முடிந்து வெயில் வந்ததும் கயிறு தானாகவே விறைத்து, இன்னும் நான்கு உடைந்தன. சாதாரண ரெசின் இறுகியபின் கண்ணாடி மாதிரி, வளைந்துகொடுக்காது. துளைக்கும் விளிம்புக்கும் இடையே முக்கால் மி.மீ. சதைதான் இருக்கிறது. பக்கம் முழுவதையும் அவிழ்த்து மீண்டும் கட்ட இரண்டு மாதம் ஆயிற்று.

மரத்திலும் இரண்டு வழி உண்டு, இரண்டும் ஒன்றல்ல. உருண்டைக் குச்சியில் நீளவாக்கில் மூன்று துளை போட்டு, வாழைக்காய் வறுவலுக்கு நறுக்குவது போல வில்லை வில்லையாக நறுக்குவது எளிது. ஆனால் நார் துளையோடு சேர்ந்து ஓடுவதால் வில்லை எளிதில் பிளக்கும். பலகையில் துளையிட்டு, பிறகு வட்டமாக வெட்டி எடுப்பது சிரமம்தான். ஆனால் நார் குறுக்கே ஓடுவதால் இறுக்கத்தைத் தாங்கும். மூன்று துளையும் சரியான முக்கோணத்தில் விழ, பித்தளைத் தகட்டில் ஒரு வழிகாட்டி செய்துகொள்ளுங்கள். அதை முதலில் ஒழுங்காகச் செய்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். கார்பைட் பிட் மின்டிரில்லை நிலையாகப் பிடித்த ஸ்டாண்டில் மட்டும். கையால் திருகும் பின் வைஸில் மாட்டினால் இம்மி சாய்ந்தாலும் முறிந்துவிடும். அங்கே சாதாரண எஃகு பிட்டே நல்லது.

கிட்டில் வருகிற மரக் கட்டைகள் இந்த ஒரு விஷயத்தில் மோசமில்லை. துளைகளின் விளிம்பைக் கயிறு படிகிற திசையில் சற்றே சாய்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். நேரமில்லாதவர்கள் கப்பியைச் செதுக்கி, இதை வாங்கிக்கொள்ளலாம்.

பீரங்கி

இங்கே கதை தலைகீழ். மேல்தளத்தில் பதினெட்டு பவுண்டு குண்டு சுடும் பீரங்கிகள் 28. பக்கத்துக்குப் பதினான்கு, ஒரே கோட்டில், ஒரே உயரத்தில் வாயை நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று தடித்து ஒன்று மெலிந்தால் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். எட்டடிக் குழல் இந்த அளவில் 38 மி.மீ., வாயின் உள்விட்டம் 2.1 மி.மீ. அரத்தையும் டிரில்லையும் வைத்து நான்கு குழல் கடைந்து பார்த்தேன். நான்கும் நான்கு பீரங்கி.

கடைந்த பித்தளைக் குழல் வாங்கலாம். கனமாக, கம்பீரமாக இருக்கும். ஆனால் லேத்தில் உருளையாகக் கடைவதில் அரச முத்திரையோ, பற்றவைக்கும் துளை மேடோ வராது. உண்மையான குழல்கள் இரும்பு, கறுப்பு அடித்தவை. எனவே பித்தளையைக் கறுக்க வைக்க வேண்டும். விரல் ரேகை எண்ணெய் ஒரு துளி இருந்தாலும் அந்த இடத்தில் கறுப்பு பிடிக்காமல் திட்டாக நிற்கும்.

ரெசின் பிரின்டர் தன் திறமையைக் காட்டுகிற இடம் இதுதான். 0.05 மி.மீ. அடுக்கில் முத்திரையின் எழுத்துகூட விழுகிறது. குழலைப் படுக்கவைத்து அச்சிடாதீர்கள், சரிவில் படி படியாக வரிகள் விழும். சற்றே சாய்த்து நிறுத்துங்கள். உள்ளே முழுக் குழாயாக வேண்டாம், வாயில் 6 மி.மீ. ஆழம் போதும். ஆழமாகப் போனால் இறுகாத ரெசின் உள்ளே தங்கி, மாதக்கணக்கில் கசிந்து பெயின்ட்டைக் கெடுக்கும். கழுவியபின் நம் ஊர் வெயிலிலேயே இறுக்கிவிடலாம், தனி விளக்கு அவசியமில்லை. கையுறை அவசியம். கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. மங்கலான கறுப்பு அடித்துக் காய்ந்ததும், பென்சில் கரித்தூளை விரலில் தொட்டு மெல்லத் தேய்த்துப் பாருங்கள். விளிம்புகள் மட்டும் இரும்பு போல் மினுங்கும். பித்தளைக் குழலைவிட இதுவே நிஜம் போல இருக்கிறது. இங்கே இழுவிசை எதுவும் இல்லை என்பதால் ரெசினின் பலவீனமும் வெளிப்படாது.

பிரின்டர் இல்லாதவர்கள் ஒரே ஒரு குழலைப் பொறுமையாகச் செய்து, சிலிக்கான் அச்செடுத்து வார்க்கலாம். அச்சின் உள்ளே முகப்பவுடர் தூவித் தட்டிவிட்டால் உலோகம் மூலை முடுக்கெல்லாம் ஓடும். இணைப்புக் கோட்டைச் சுரண்டி எடுக்கும் வேலை ஒவ்வொன்றுக்கும் உண்டு. வார்ப்பதாக இருந்தால் ஈயம் கலக்காத பியூட்டர் (டின் எனும் வெள்ளீயம் அதிகமுள்ள கலப்புலோகம்) மட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஈயப் பாகங்கள் வைத்த பழைய மாதிரிகள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே வெள்ளைப் பொடியாகப் பூத்து உதிர்வதுண்டு. மரமும் பிளைவுட்டும், வினிகர் வாசம் வரும் சிலிக்கான் பசையும் மெல்ல மெல்ல அசிட்டிக் அமில ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் அது ஈயத்தைத் தின்று கார்பனேட்டாக மாற்றிவிடும். ஓக் மரம் இதில் மிக மோசம். பெயின்ட் அடித்தாலும் தப்பாது. பழைய கிட் ஒன்று கையில் இருந்தால் பாகத்தை வெள்ளைத் தாளில் இழுத்துப் பாருங்கள். பென்சில் போலச் சாம்பல் கோடு விழுந்தால் ஈயம் இருக்கிறது என்று சந்தேகப்பட்டு ஒதுக்கிவிடுங்கள். கையையும் கழுவிவிடுங்கள்.

கம்பி வேலை

வளையத்துக்கும் கொக்கிக்கும் செம்பா, பித்தளையா என்பதுதான் கேள்வி. மின்கம்பியை உரித்தால் செம்பு இலவசமாகக் கிடைக்கும், நன்றாக வளையும், லிவர் ஆஃப் சல்ஃபர் என்ற கந்தகச் சேர்மக் கரைசலில் அழகாகக் கறுக்கும். அதே கரைசல் பித்தளையை அவ்வளவாகத் தொடாது. ஆனால் செம்புக் கொக்கி கயிற்றின் இழுப்பில் மெல்ல நிமிர்ந்துவிடும். அலங்காரமாகத் தொங்குவதற்குச் செம்பு, இழுவிசை தாங்க பித்தளை என்று பிரித்துக்கொண்டேன். பீரங்கிச் சாளரக் கதவின் கீல் போன்ற தட்டையான பாகங்களுக்கு ஃபெரிக் குளோரைடில் அரித்தெடுத்த மெல்லிய பித்தளைத் தகடு சரியாக இருக்கும், மற்றதற்கு அது காகிதம் வெட்டி ஒட்டினாற்போல் தெரியும்.

வளையத்தின் வாயை ஃபெவிக்விக்கால் ஒட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு: ஆறு மாதம் நிற்கும். பொற்கொல்லர்கள் செய்வது போல வெங்காரம் தடவி, வெள்ளிப் பொடி (வெள்ளி கலந்த பற்றுலோகம்) வைத்து ஊதிப் பற்றவைத்தது விடவே விடாது. எங்கள் தெரு நகைப்பட்டறையில் ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்துத்தான் நெருப்பை எங்கே காட்டுவது என்று புரிந்தது. பொடியின் மேல் காட்டக் கூடாது. வளையத்தின் மறுபக்கம் காட்டினால், சூடு சுற்றி வந்ததும் பொடி சட்டென்று மினுங்கி, வாய்க்குள் தானே ஓடி நிரம்பும்.

இப்போது மேசையில் இருப்பது நங்கூரம். தண்டும் கைகளும் ரெசினில் அச்சிட்டவை. குறுக்கே போகும் கட்டை வெட்பாலை, இரண்டு பாதியாகச் சேர்த்தது. அதைச் சுற்றிய இரும்புப் பட்டைகள் கறுப்பு அடித்த காகிதம். தலையில் இருக்கும் வளையம் மட்டும் பித்தளை, வெள்ளிப் பொடி வைத்து ஊதியது. வடத்தின் முழு இழுப்பும் அதன் மேல்தான் வரும். அதற்கு மெல்லிய நூல் சுற்றிக்கொண்டிருக்கிறேன், பாதி வளையம் முடிந்திருக்கிறது.