நாடாளுமன்றத்தில் எழுத்தில் தரும் பதில்கள்: தொடர்ந்து படித்துவரும் ஒரு வாசகனின் அனுபவம்

மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனை கட்ட 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எப்போது திறப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். ஆளுக்கொரு தேதி சொன்னார்கள். வழக்கறிஞரான நண்பர் ஒருவர், "மேடையில் பேசுவதை விடுங்க. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அமைச்சர் அவையில் எழுதிக் கொடுத்த பதிலைப் பாருங்க. அதில் தேதி இருக்கும், அமைச்சர் பெயர் இருக்கும். நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்ல முடியாது" என்றார். அன்று தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை. கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் அன்றைய பதில்களைத் திறந்து பார்க்காமல் நான் தூங்கப் போவதில்லை. இதில் என்ன இருக்கிறது, என்ன கிடைக்கும் என்று சிலர் கேட்பதால் எழுதுகிறேன்.

டிவியில் நாம் பார்க்கும் கேள்வி நேரம் இதில் மிகச் சிறிய பகுதி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலில் வரும். அவற்றுக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். ஆனால் அதே நாளில் 230 கேள்விகளுக்கு எழுத்தில் மட்டும் பதில் வரும். மாநிலங்களவையில் இது 15, 160. ஆக இரண்டு அவைகளும் கூடும் ஒரு நாளில் 425 பதில்கள் வரை வெளியாகலாம். நட்சத்திரக் கேள்விகளிலும் நேரம் போதாமல் விடுபட்டவற்றுக்கு எழுத்தில்தான் பதில். கேள்விக்குப் பொதுவாக 15 நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும்; குவியும் அறிவிப்புகளிலிருந்து குலுக்கல் முறையில் வரிசை முடிவாகும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் ஒவ்வொரு அவையிலும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கும். உங்களுக்கு வேண்டிய அமைச்சகத்தின் நாள் எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நான் 425-ஐயும் படிப்பதில்லை. சுகாதாரம், தொழிலாளர், மீனவர் விவகாரம், சமூகநீதி, இந்த நான்கோடு சரி.

முதல் சில மாதங்கள் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பதில்களுக்கென்று ஒரு தனி மொழி இருக்கிறது. கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரிந்து வரும். "இது உண்மையா, ஆம் எனில் அதன் விவரங்கள், இல்லை எனில் அதற்கான காரணங்கள்" என்பது அதன் நடை. பதிலோ "(அ) முதல் (ஈ) வரை" என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, திட்டம் எப்போது தொடங்கியது, நோக்கம் என்ன என்று இரண்டு பத்தி ஓடும். கேட்ட எண் எங்கே என்று தேடினால் கடைசி வரியில் "இத்தகைய தரவு மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை" என்றிருக்கும். அல்லது "இது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்". அல்லது "கேள்வி எழவில்லை".

இப்போது நான் தலைகீழாகப் படிக்கிறேன். முதலில் இணைப்பு அட்டவணை, பிறகு கடைசிப் பத்தி, அப்புறம்தான் முதல் பத்தி. அட்டவணைதான் பொக்கிஷம். மகாராஷ்டிர உறுப்பினர் ஒருவர் தன் மாநிலத்துக்காகக் கேட்ட கேள்வியின் இணைப்பில் எல்லா மாநிலங்களின் எண்ணும் வந்துவிடும். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கேட்டதை மட்டும் தேடிக்கொண்டிருந்த காலத்தில் இதைத் தவறவிட்டேன். தமிழ்நாட்டைப் பற்றி நான் எடுத்து வைத்திருக்கும் எண்களில் பெரும்பகுதி வேறு மாநிலத்துக்காரர்கள் கேட்டதால் கிடைத்தவை.

இத்தனை காலத்தில் நான் கற்றதில் முக்கியமானது இது: பதில் கேள்வியின் சொல்லுக்குத்தான் வரும், கேட்டவர் மனதில் இருந்த பொருளுக்கு வராது. இதை எனக்குப் புரிய வைத்தது 2021 மழைக்காலக் கூட்டத்தொடர். கையால் மலம் அள்ளும் பணியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மாநிலங்களவையில் கேள்வி. அப்படிப்பட்ட இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று சமூகநீதி அமைச்சகம் பதில் கொடுத்தது. அதே கூட்டத்தொடரில் வேறொரு கேள்வியில் "கழிவுநீர்க் குழாய், மலக்குழியைச் சுத்தம் செய்யும்போது" என்று கேட்டார்கள். பதிலில் 941 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 213, மாநிலங்களிலேயே இதுதான் அதிகம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கை நடுங்கியது. பிறகு கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அதில் கையால் மலம் அள்ளுபவர் என்பதற்கு ஒரு வரையறை, கழிவுநீர்க் குழாயையும் மலக்குழியையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்வதற்கு வேறொரு வரையறை. முதல் கேள்வி முதல் வரையறைக்குள் மாட்டிக்கொண்டது. குழிக்குள் இறங்கி மூச்சுத் திணறிச் செத்தவருடைய வீட்டுக்கு இந்த வரையறை வேறுபாடு எதுவும் தெரியாது. ஆனால் ஒரு சொல் மாறினால் பூஜ்யம், இன்னொரு சொல்லில் 941. அன்றிலிருந்து எந்தத் துறையைப் பற்றிய பதிலைப் படித்தாலும் முதலில் அந்தத் துறைச் சட்டத்தின் வரையறைப் பகுதியைப் படித்துவிடுகிறேன். "இறப்பு இல்லை" என்ற தலைப்பைப் பார்த்துக் கோபப்படுவதற்கு முன் கேள்வியில் என்ன சொல் இருந்தது என்று பார்க்கிறேன். கோபம் குறையவில்லை, எங்கே போய் நிற்க வேண்டும் என்பது தெளிவாகிறது.

அதே ஆண்டு ஜூலை 20 அன்று வந்த ஆக்சிஜன் பதில் பலருக்கும் நினைவிருக்கும். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது கேள்வி. செய்தியில் "ஆக்சிஜன் பற்றாக்குறையால் யாரும் சாகவில்லை என்கிறது அரசு" என்று வந்தது. பதிலின் வாசகம் அப்படி இல்லை. சுகாதாரம் மாநிலப் பொருள், மாநிலங்கள் தரும் தகவலைத்தான் தொகுக்கிறோம், ஆக்சிஜன் பற்றாக்குறையால் என்று குறிப்பிட்டு மாநிலங்கள் எந்த இறப்பையும் தெரிவிக்கவில்லை என்பது அதன் சாரம். "சாகவில்லை" என்பதற்கும் "குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை" என்பதற்கும் நடுவே எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. மத்திய அரசு ஒதுங்கியது ஒரு குற்றம் என்றால், மாநிலங்கள் எண்ணாமல் விட்டது இன்னொரு குற்றம். செய்தியை மட்டும் படித்தவர்களுக்கு இரண்டாவது தெரியாமலே போனது.

2020 செப்டம்பர் எனக்கு மறக்க முடியாத மாதம். தொற்றைக் காரணம் காட்டி அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துக் கேள்விகளுக்கு மட்டும் பதில். ஊரடங்கில் சொந்த ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்டதற்கு, அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதிக் கொடுத்தது. தரவே இல்லாதபோது இழப்பீடு பற்றிய பகுதிக்கு "கேள்வி எழவில்லை". அதே மாதம் மாநிலங்களவையில் ரயில்வேயிடம் கேட்டார்கள். அந்தத் தொழிலாளர்களை ஊருக்கு அனுப்ப விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்யும்போது செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாகப் பதில் வந்தது. ஓர் அமைச்சகத்தில் இல்லாத எண் இன்னொன்றில் இருந்தது. துணைக் கேள்வி கேட்க வழியிருந்த அவையாக இருந்திருந்தால் அன்றைக்கே யாராவது எழுந்து இதைக் கேட்டிருப்பார்கள். எழுத்துப் பதிலின் பெரிய குறை இதுதான்: மறுகேள்வி கிடையாது. மறுகேள்வியை வாசகன்தான் கேட்க வேண்டியிருக்கிறது, இன்னொரு அமைச்சகத்தின் பதிலைத் தேடி எடுத்து.

கேள்வி கேட்பவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. மக்களவை விதிப்படி ஒரு கேள்வி சாதாரணமாக 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. வாதம், அனுமானம், கிண்டல் கூடாது. எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் இருப்பதைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தைக் கேட்கக் கூடாது. அதனால் உணர்ச்சியில்லாத கேள்வியைப் பார்த்து, கேட்டவருக்கு அக்கறை இல்லை என்று நினைக்க வேண்டாம். நல்ல கேள்விகளைச் சில உறுப்பினர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். "அரசு நடவடிக்கை எடுக்குமா" என்று அவர்கள் கேட்பதே இல்லை. எத்தனை, எவ்வளவு, எந்தத் தேதியில், ஆண்டு வாரியாக, மாவட்ட வாரியாக என்றுதான் கேட்பார்கள்.

இலங்கைக் கடற்படை பிடிக்கும் நம் மீனவர்களைப் பற்றிய பதில்களில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். மீனவர் பாதுகாப்புக்கு அரசு மிக உயர்ந்த முன்னுரிமை அளிக்கிறது, இலங்கை அரசிடம் உயர் மட்டத்தில் வலியுறுத்துகிறோம், 2016-இல் அமைந்த கூட்டுப் பணிக்குழுவில் பேசுகிறோம். இந்த வரிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் வருகின்றன. எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. ஆனால் படகுகள் எத்தனை அங்கே கிடக்கின்றன என்று யாராவது தனியாகக் கேட்டால் எண் வருகிறது. ஆளை விடுவித்துப் படகை விடுவிக்காவிட்டால் திரும்பி வந்தவருக்குப் பிழைப்பில்லை. அதனால் "எத்தனை மீனவர்கள்" என்று மட்டும் முடிந்துவிடும் கேள்விகளைப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை.

அடுத்து, பலருக்குத் தெரியாத ஒன்று. "தகவல் திரட்டப்படுகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்", "பரிசீலனையில் உள்ளது" போன்ற வாசகங்கள் காற்றில் போகும் சொற்கள் அல்ல. அவை உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்படும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். இதைக் கண்காணிக்க மக்களவையில் 1953-இலிருந்தும் மாநிலங்களவையில் 1972-இலிருந்தும் அரசு உறுதிமொழிக் குழுக்கள் இருக்கின்றன. அந்தக் குழுக்களின் அறிக்கைகளைப் படித்தால் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடப்பவை, "கைவிட அனுமதியுங்கள்" என்று அமைச்சகம் கேட்டவை எல்லாம் தெரியும். என்னைக் கேட்டால் பதில்களை விட இந்த அறிக்கைகள்தான் அரசு நடக்கும் விதத்தை நன்றாகக் காட்டுகின்றன. செய்தியாளர்கள் இவற்றை ஏன் அதிகம் தொடுவதில்லை என்று வருத்தமாக இருக்கிறது.

என் சொந்த வேலைக்கும் ஒரு முறை பயன்பட்டது. ஓர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமை மனு போட்டேன். மாவட்ட வாரியான விவரம் தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. அதே விவரத்தில் ஒரு பகுதி ஒரு மாநிலங்களவைப் பதிலின் இணைப்பில் வெளியாகியிருந்தது. மேல்முறையீட்டில் அந்தப் பதிலின் எண்ணையும் தேதியையும் எழுதி, நகலையும் வைத்தேன். 2005-இல் அந்தச் சட்டம் வந்தபோதே, நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகம் அதில் இருந்தது. அதையும் குறிப்பிட்டேன். ஒரு மாதத்தில் முழு அட்டவணையும் வீட்டுக்கு வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் கிடைக்கின்றன. தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்த மீனவர் சங்கத் தலைவரிடம், அவரைப் பற்றிய பதிலையே நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. பழைய பதில்கள் படமாக இருப்பதால் சொல்லை வைத்துத் தேட முடிவதில்லை. அதனால் நான் முக்கியமான பதில் எதையும் அன்றே இறக்கி, அவை, தேதி, கேள்வி எண் போட்டுச் சேமித்துக்கொள்கிறேன்.

இந்த வறண்ட தாளுக்கு எவ்வளவு வலு உண்டு என்று சந்தேகம் வரும்போது 1957-ஐ நினைத்துக்கொள்வேன். எல்ஐசி பணம் முந்த்ரா என்பவரின் நிறுவனங்களில் போடப்பட்டதைப் பற்றி மக்களவையில் எழுந்த கேள்விகள், உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி கிளப்பிய விவாதம், நீதிபதி சாக்ளா நடத்திய விசாரணை என்று வளர்ந்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகும் வரை போனது.

மதுரை எய்ம்ஸுக்கு வருகிறேன். அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒப்புதலின்போது 1,264 கோடி ரூபாய், 45 மாதங்கள். 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல். அப்புறம் ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான ஜைக்காவோடு கடன் ஒப்பந்தம், 2021 மார்ச்சில். "முதலீட்டுக்கு முந்தைய பணிகள்" என்ற சொல் பல பதில்களில் வந்தது; சுற்றுச்சுவர் போன்ற வேலைகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று புரிய எனக்கு நாளானது. 2022-இல் 50 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது, தோப்பூரில் அல்ல, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். செலவு 1,977.80 கோடியானது, அதில் ஜைக்கா கடன் 1,627.70 கோடி. முடிக்கும் காலம் 2026 அக்டோபர் என்றானது. இந்த எண்கள் எல்லாம் ஒரே பதிலில் இருந்ததில்லை. வெவ்வேறு உறுப்பினர்கள், வெவ்வேறு கூட்டத்தொடர்களில், வெவ்வேறு சொற்களில் கேட்டுக் கேட்டு வந்தவை.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பாலமோ, உங்கள் தொழிலோ, எதுவானாலும் சரி. பழைய பதில்கள் பத்தைத் தேதி வாரியாக அடுக்குங்கள். எந்த எண் மாறியது, எந்த வரி அப்படியே நிற்கிறது, எதை இதுவரை யாரும் கேட்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேட்கப்படாத கேள்வியை 150 சொல்லுக்குள் எழுதி, கூட்டத்தொடர் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் கொடுங்கள். நான் மூன்று முறை கொடுத்தேன், ஒரு முறை பட்டியலில் வந்தது.