ரோன் கப்பலா, நிவெர்னே வாடகைப் படகா?

பிரான்ஸின் ஆற்றங்கரை ஊர்களை நீர்வழியே பார்க்க இரண்டு வழிகள் உண்டு. லியோனிலிருந்து அவிஞோன் வரை ரோன் ஆற்றில் பெரிய கப்பலில் போகலாம். அல்லது பர்கண்டியின் ஒசேரில் படகை வாடகைக்கு எடுத்து, நிவெர்னே கால்வாயில் நாமே ஓட்டலாம். கப்பலில் போய்வந்த பிறகு, அடுத்த விடுமுறைக்கு நாங்கள் படகைத் தேர்ந்தெடுத்தோம். இனியும் படகுதான்.

வசதியில் கப்பலே மேல். சாப்பாடு, துணி, வழி எதற்கும் கவலையில்லை. படகில் எல்லாம் நம் பொறுப்பு. ஆனால் அடுப்பும் ஃப்ரிட்ஜும் இருப்பதால் சோறும் ரசமும் நம் கையில். நாலைந்து பேர் பங்கிட்டால் செலவும் கட்டுப்படும். ஓட்ட உரிமம் வேண்டாம்; படகு தருபவர்களே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது, ஊரில் எப்படி நிற்கிறோம் என்பதுதான். ரோன் கப்பல்கள் 135 மீட்டர் வரை நீளம். அவற்றுக்கென்று உள்ள துறையில்தான் நிற்க முடியும். கூட்டம் மிகுந்த மாதங்களில் ஒன்றையொட்டி ஒன்றைக் கட்டுவார்கள், சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கப்பலின் சுவர். புறப்படும் நேரமும் கப்பல்காரர் கையில். விவியே போன்ற சிற்றூரில் மேட்டுக் கதீட்ரலுக்கு ஏறி இறங்குவதற்குள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

படகிலோ, ஒசேரில் யோன் ஆற்றங்கரையில் கட்டிவிட்டு, கதீட்ரலும் சேன்-ஜெர்மேன் மடமும் எதிர்க்கரையில் தெரிய இரவு தங்கலாம். மடத்தின் நிலவறையில் 9-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இருக்கின்றன, அவசரமில்லாமல் பார்த்தோம். வழியில் சொசுவா சுண்ணாம்புப் பாறைகளின் அடியில், முளையடித்துக் கட்டி நின்றோம். க்ளாம்சியில் மனம் ஒட்டிவிட்டது, புறப்படுவதைத் தள்ளிப்போட்டோம். 16-ஆம் நூற்றாண்டு முதல் மொர்வான் காட்டு விறகைத் தெப்பமாகக் கட்டி பாரிசுக்கு மிதக்கவிட்ட ஊர் அது. அந்தத் தெப்பக்காரருக்குப் பாலத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். சிலுவைப் போர்க் காலத்தில் புனித பூமியை இழந்த பெத்லகேம் ஆயர்கள் தஞ்சம் புகுந்து, பிரெஞ்சுப் புரட்சி வரை இருந்ததும் இங்கேதான். மாலையில் கடைக்காரர்கள் கதவைச் சாத்திய பிறகு, ஊர்க்காரர்களோடு ஆற்றோரம் நடக்கும் நேரம் கப்பலில் கிடைப்பது அரிது.

இதற்கு விலை நேரம்தான். ஒசேரிலிருந்து க்ளாம்சி நீர்வழியில் சுமார் 60 கி.மீ.; கால்வாயில் மணிக்கு 6 கி.மீ. வேகமே அனுமதி, வழியெங்கும் லாக்குகள். படகு உள்ளே போனதும் கதவை மூடி, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு விடும் அறை அது. பல லாக்குகளைக் கையால்தான் திருப்புகிறார்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூடிவிடுவார்கள். ஆகவே ஓட்ட ஒருவர், வடம் பிடிக்க ஒருவராவது தெம்புள்ளவர் வேண்டும். முழங்கால் வலியுள்ள பெற்றோரோடு என்றால் கப்பலையே சொல்வேன். ரோனில் பொலேனில் ஏறக்குறைய 23 மீட்டர் இறக்கும் லாக்கை அவர்கள் மேல்தளத்து நாற்காலியில் இருந்தபடியே பார்க்கலாம்.

நான் போனது கோடையில் மட்டும், அதனால் இலையுதிர் காலம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. வறண்ட ஆண்டுகளில் நீர் குறைந்து கால்வாயின் சில பகுதிகளை மூடுவதுண்டு. முன்பணம் கட்டுமுன் மாற்றுப் பாதை தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.