முழங்கால் தசைநாண் அறுவைக்குப் பிந்தைய பயிற்சி: கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பிசியோதெரபி மையம்

முழங்கால் சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாண் அறுந்து, அதைத் தைத்துக்கொண்டு பயிற்சிக்கு இடம் தேடுகிறவர்களுக்கு, நான் சிகிச்சை பெற்ற இந்தச் சிறிய மையத்தை மனதாரப் பரிந்துரைக்கிறேன். ஒரு நிலைச் சைக்கிள், ரப்பர் பட்டைகள், உயரம் குறைந்த மரப்படிகள், தசையைத் தூண்டும் மின்கருவி ஒன்று ஆகியவைதான் அங்கே இருக்கின்றன. ஆயினும் அளந்து பார்க்காமல் எந்தப் பயிற்சியையும் தொடங்குவதில்லை.

தைத்த நாண் முதல் ஆறு வாரங்களுக்கு அதிக இழுவிசையைத் தாங்காது என்பதால், அறுவை செய்த மருத்துவர் அனுமதித்த கோணத்துக்கு மேல் காலை மடக்க அவர்கள் சம்மதிப்பதே இல்லை. அதற்கு முன் நான் போன வேறோர் இடத்தில், வந்தவர் அனைவருக்கும் ஒரே ஒத்தடமும் ஒரே மின்சிகிச்சையும்தான். இங்கே, நீட்டிய காலின் கீழ் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொல்லும்போது, சில்லுக்குச் சற்று மேலே உட்புறத்தில் விரல் வைத்து, அந்தத் தசை உண்மையிலேயே இறுகுகிறதா என்று பிசியோதெரபிஸ்ட் அம்மா தொட்டுப் பார்க்கிறார். காலை நேராகத் தூக்கும்போது முழங்கால் சில பாகைகள் தொய்ந்தாலும், நடக்கும்போது, முழங்காலை மடங்காமல் பிடித்திருக்கும் பிரேஸின் பூட்டைத் திறக்க விடமாட்டார். எனக்கு அது எரிச்சலாக இருந்தாலும், முன்தொடைத் தசை வலுப்பெறாமல் நடந்தால் கால் மடங்கி விழ நேரும், தைத்த இடமே மீண்டும் அறுந்துபோகலாம் என்று அவர் விளக்கியதில் நியாயம் இருந்தது.

ஒவ்வொரு முறையும் அவர் கேட்கும் முதல் கேள்வி, முந்தைய பயிற்சிக்கு மறுநாள் வீக்கம் வந்ததா என்பதுதான். வந்திருந்தால் அன்றைக்குப் படியிறங்கும் பயிற்சி கிடையாது. இரண்டு தொடைகளின் சுற்றளவையும் டேப்பால் அளந்து நோட்டில் எழுதுகிறார். மெலிந்த தொடை மெல்லத் தேறுவதை அந்த எண்களில் பார்த்ததுதான் எனக்குப் பெரிய தெம்பு.

கட்டணம் ஓர் அமர்வுக்கு 400 ரூபாய். வீட்டுப் பயிற்சிகளைத் தாளில் எழுதிக் கொடுப்பதால் தினமும் போக வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டும். ஓடவும் குதிக்கவும் இடமில்லாததால், விளையாட்டுக்குத் திரும்ப விரும்புவோர் கடைசிக் கட்டத்துக்கு மைதான வசதியுள்ள வேறு மையத்தை நாட வேண்டியிருக்கும். முதல் நாள் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்; அதைப் படிக்காமல் அவர்கள் காலைத் தொடுவதில்லை.